மார்கழியில் வேர்த்த நெற்றி

துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். "அக்கா, ஐப்பசியில ஏறுற சக்கர தை பொறந்தாத்தான் எறங்குது. மாத்திரயும் அதேதான், ஆளும் அதே ஆளுதான். குளிரு அப்படி என்னதான் செய்யுது?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குளிர்காலத்துப் பசியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். பெரும்பாலும் பனி கொட்டுகிற நாடுகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். நமக்கோ அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் ஆண்டு முழுக்க வெயில். அதனால்தானோ என்னவோ, மழை இறங்கி நாலு நாள் மப்புப் போட்டதும் நம் ஆட்களின் நடப்பே மாறிவிடுகிறது. கரண்ட் போய்த் தறி நிற்கிறது. சாயங்கால நடையை விட்டுவிடுகிறார்கள். தாகம் இல்லை என்று தண்ணீர் குடிப்பதில்லை. குளிருக்கு இதமாகக் காப்பி மட்டும் கூடுகிறது. தெருமுனையில் பஜ்ஜிச் சட்டி ஏறிவிடுகிறது. இவற்றைச் சொல்லித் திருத்துவது எளிது. போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லலாம், வெந்நீர் குடிக்கச் சொல்லலாம், பஜ்ஜிக்குப் பதில் அவித்த தட்டப்பயறு என்று சொல்லலாம். கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

பசியே இல்லாமல் தின்கிறவரிடம் இதில் எதுவும் செல்லாது. அப்படி ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலம் அது. ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாள் முன்னால் தொடங்கி, மார்கழி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முற்றியது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பாளையம்பட்டியில் பேச்சியம்மாள் என்று ஒருவர். அறுபதைத் தாண்டியவர், வாய்த்துடுக்கு உள்ளவர், பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த ஐப்பசியில் அவருடைய கணவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். சாவு விழுந்த வீட்டில் அந்தத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டி இல்லை என்றால் பலகாரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் செய்ய முடியாது என்பதாலேயே பங்காளிகள், சம்பந்தக்காரர்கள், அக்கம்பக்கம் எல்லோரும் ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்து வைப்பார்கள். கொண்டாடுகிற வீட்டில் தீபாவளி மூன்று நாளில் தீர்ந்துவிடும். துக்க வீட்டில் கார்த்திகை வரைக்கும் முறுக்கும் அதிரசமும் சீரணி மிட்டாயும் இருந்துகொண்டே இருக்கும். கார்த்திகை பிறந்தால் பொரி உருண்டை வரும்.

கார்த்திகைத் தொடக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது அவருடைய சர்க்கரை எகிறியிருந்தது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். "மாத்திரை போட்டா சாப்பாட்டைத் தள்ளக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று அவரிடமும் உடன் வந்த மகனிடமும் சொன்னார். அடுத்த வாரம் நான் வீட்டுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் இட்லி, ரசம், மோர் என்று பாடம் ஒப்பிப்பார்கள். எந்த நேரம் நகர மாட்டேன் என்கிறது என்று கேட்டேன்.

"நாலு மணி" என்றார். "நாலு மணிக்குத்தான் அவுக டவுன் பஸ்ஸ விட்டு எறங்குவாக. கையில சேவுப் பொட்டலம் இருக்கும். இப்பவும் பஸ்ஸு வந்து நிக்கிது நர்ஸம்மா. அந்தச் சத்தம் கேட்டா நெஞ்ச அடைக்குது. வாயில எதையாச்சும் போட்டு மென்னுக்கிட்டு இருந்தா அழுக வர மாட்டேங்குது. வாயச் சும்மா விட்டா வந்துருது."

"எம்புட்டு சாப்பிடுவீக?"

"டப்பா தீர்ற மட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். "மருமக வேல விட்டு வாரதுக்குள்ள வாயத் தொடச்சுட்டு நல்ல புள்ளயா உக்காந்துருவேன். அவ பாவம், 'எங்கத்த ஒண்ணுமே திங்க மாட்டேங்குறாக'ன்னு இன்னும் ரெண்டு இட்லி வச்சுருவா."

நானும் சிரித்தேன். தின்னாதீர்கள் என்று சொல்லவில்லை. நாலு மணிக்கு எதிர்வீட்டு வாசலில் பெண்கள் பூக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள், மெல்லத்தான் வேண்டும் என்றால் அவித்த கடலையைக் கொண்டுபோங்கள், அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள், அவர்களும் தாலி கட்டிக்கொண்டவர்கள்தான் என்றேன். "பூவத் தொடலாமாக்கும் நான்?" என்று கேட்டார். "கட்டத்தானே சொல்றேன், வைக்கவா சொல்றேன்?" என்றேன். போய்ப் பார்க்கிறேன் என்றார். சில நாள் போகவும் செய்திருக்கிறார்.

இதற்கிடையில் மகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முருகேசன் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். நல்ல மகன். அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் காலி டப்பாக்களைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே வீட்டில் இருந்த பலகாரத்தையெல்லாம் வாரி வெளியே கொடுத்துவிட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதோடு நிற்கவில்லை. தெருவில் நின்று சொல்லிவிட்டார்: "எங்க வீட்டுக்கு யாரும் ஒரு துண்டு மிட்டாய் கொண்டாராதீக. எங்கம்மா திருடித் திங்கிறாக."

பேச்சியம்மாள் அன்றோடு எதிர்வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். அன்றோடு பலகாரத்தைத் தொடுவதையும் நிறுத்தினார். இரண்டாவதை யாரும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் அந்தக் கருவி. தினமும் காலையில் முருகேசன் தாயின் விரலில் குத்துவார். தினமும் அது கூடுதலாகவே காட்டும். "நேத்து என்னத்தத் தின்னீக?" "ஒண்ணும் திங்கலடா." "மிசினு பொய்யா சொல்லும்?" இப்படித்தான் மார்கழிக் காலைகள் விடிந்திருக்கின்றன. எண் கூடக் கூட முருகேசன் தாயின் சாப்பாட்டைக் குறைத்தார். முதலில் சோறு பாதியானது. பிறகு காலைச் சாப்பாடே போனது. மாத்திரை மட்டும் தவறவில்லை. அவரே கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். மிச்சம் இருந்த சாப்பாட்டையும் அவமானத்தில் பேச்சியம்மாளே தள்ள ஆரம்பித்தார். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அதே தெரு அங்கன்வாடிக்கு நான் வேறொரு வேலையாகப் போயிருந்தேன். பனி விலகவில்லை. பிள்ளைகளைத் தூக்கி வந்த தாய்மார்கள் தலையோடு துண்டைச் சுற்றியிருந்தார்கள். மருமகள் கலா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"நர்ஸக்கா, வெரசா வாங்க. அத்த ஒரு மாதிரி பேசுறாக."

கூடத்தில் கட்டில். கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர். பேச்சியம்மாள் மகனை அப்பாவின் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸு வந்துருச்சா, பஸ்ஸு வந்துருச்சா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கை நடுங்கியது. பிடித்தவர்களை உதறினார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "ஆத்தீ, அவருல்ல வந்து கூப்புடுறாரு. மார்கழி மாசத்துல இது நல்லதுக்கு இல்ல" என்றாள். இன்னொருத்தி விபூதி தேடப் போனாள்.

முருகேசன் ஒரு கையில் கருவியும் மறு கையில் மாத்திரையுமாக நின்றார். "முந்நூத்திச் சொச்சம் காட்டுது நர்ஸக்கா. நேத்து ராத்திரி சோறே போடல. எங்கிருந்துதான் எடுத்துத் திங்கிறாகளோ! இன்னொரு மாத்திரய குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். யம்மா, வாயத் தெறங்க."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கருவி ஒன்றைச் சொல்கிறது, மகன் அதையே சொல்கிறார், இந்த அம்மாள் ஒளித்துத் தின்றவர் என்பது எனக்கே தெரியும். எல்லாம் ஒரே பக்கமாக நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒன்றுதான் இருந்தது. தெருவே சால்வைக்குள் ஒடுங்கியிருக்கிற காலையில் பேச்சியம்மாளின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. தொட்டால் தண்ணீர்ப் பானையின் வயிறு மாதிரி சில்லென்று இருந்தது. சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால் இப்படி வேர்க்கும்.

இங்கே நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு பெண் மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவர் நிறையச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை, பேசவே மாட்டார். ஆனால் குழம்பி நிற்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார். "ரெண்டு வழியும் தப்பாப் போகலாம். எந்தத் தப்பை நாளைக்குத் திருத்த முடியும்?" பதில் சொல்லும் வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கலா, ஒரு தம்ளர்ல சீனியக் கரைச்சுக் கொண்டா. நெறையப் போடு" என்றேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. முருகேசன் கையை உதறிக்கொண்டு கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என்ன வெளையாடுறீகளா? முந்நூறுக்கு மேல நிக்கிறவுகளுக்கு சீனித் தண்ணியா? நீங்கதான மாசாமாசம் வந்து சீனிய நிறுத்து, சீனிய நிறுத்துன்னீக? எங்கம்மாவக் கொல்லப் பாக்குறீகளா?"

"தம்பி, மிசினு தப்பா இருக்கும்."

"ஒரு மாசமா தெனமும் தப்பா இருக்குமோ?"

என்னிடம் இருந்தது அந்த மருத்துவரின் கேள்விதான். அதைத்தான் கொடுத்தேன்.

"சரி, நான் சொல்றது தப்புன்னு வைங்க. உங்கம்மாவுக்குச் சக்கர இன்னும் கொஞ்சம் ஏறும். ஆஸ்பத்திரில ஊசி போட்டு எறக்கிருவாக. நீங்க சொல்றது தப்பா இருந்து, அந்த மாத்திரயும் உள்ள போயிருச்சுன்னா? கெடக்குற கொஞ்சநஞ்ச சக்கரயும் எறங்கிப் போயிரும், அப்புறம் யாரு வந்து ஏத்துறது? நீங்களே சொல்லுங்க."

அவர் நகரவில்லை. கலா தம்ளரோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். "வழிய விடுங்க" என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "நர்ஸக்கா சொல்லுதுல்ல. வெலகுங்க."

அவர் விலகினார்.

வாயில் ஊற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். "பேச்சியக்கா, முழுங்குங்க" என்று சத்தமாகச் சொல்லி ஒரு கரண்டி விட்டேன். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. இறங்கியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முருகேசன் தன் தாய் குடிக்கிற ஒவ்வொரு வாயையும் விஷத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்ளரை மாற்றிப் பிடிக்கும்போது பேச்சியம்மாள் என் கையைப் பற்றினார். அவர் விரல்கள் என் தோலில் ஒட்டின. வியர்வையின் ஒட்டல் இல்லை. பிசுபிசுப்பு. விரலை வெளிச்சத்தில் திருப்பினேன். நகக்கண்ணில் பழுப்பாகக் கோடு ஓடியிருந்தது.

"காலையில காப்பி போட்டது யாரு?"

"அத்ததான்" என்றாள் கலா. "அவுகதான் வெள்ளன எந்திருச்சு, கருப்பட்டிய உடச்சு சுக்குக் காப்பி போடுவாக. எல்லாத்துக்கும் குடுத்துருவாக. அவுக மட்டும் ஒரு மடக்குக் குடிக்க மாட்டாக."

"கையக் கழுவுவாகளா?"

கலா விழித்தாள். "இந்தக் குளிருலயா? சேலையில தொடச்சுக்குருவாக."

வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். கையைக் கழுவி, நகத்தைத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, "நீங்களே குத்துங்க, உங்க மிசினுலயே" என்று முருகேசனிடம் விரலை நீட்டினேன். அவர் குத்தினார். இத்தனைக்கும் அரைத் தம்ளர் சீனித் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அப்படியும் கருவி ஐம்பதைத் தொடவில்லை. அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார், திரும்பப் பார்த்தார். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். ஏன் துடைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தினமும் அது அளந்தது விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியை. அந்த அம்மாள் சொன்னது எல்லாம் உண்மை.

மெதுவாக நடுக்கம் அடங்கியது. பேச்சியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டார். நாக்கால் உதட்டைத் தடவினார். இனிப்பை உணர்ந்திருக்க வேண்டும். முகம் மாறியது. என் காதுப்பக்கமாகச் சாய்ந்து, குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நர்ஸம்மா, சீக்கிரம் வாயத் தொடச்சு விடுங்க. அவன் பாத்துருவான்."

அவன் கேட்டுவிட்டான்.

விபூதியோடு வந்த அம்மாள், "தெளிஞ்சுருச்சுல்ல, பெறகென்ன" என்றாள். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பக்கூட ஆள் தயாராக இருந்தது. அப்படி அனுப்பாதீர்கள். சில மாத்திரைகள் உடம்பில் நெடுநேரம் நிற்கும். வெறும் வயிற்றில் அது திரும்பவும் சர்க்கரையை இழுத்துக் கீழே தள்ளும். எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரை நம்பி வீடு திரும்பினால், மதியம் வேறு செய்தி வரும். ஏறச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். டவுன் ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அவருக்குத் திரும்பவும் வேர்க்கத் தொடங்கியது. இந்த முறை நரம்பில் மருந்தேற்றும் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

வண்டியில் முருகேசன் தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் கேட்டார்.

"தெனமும் நெசத்தத்தான் சொன்னீகளாம்மா?"

"சொன்னேன். நீதான் மிசினுட்ட கேட்டுக்கிறேன்னுட்ட."

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல நினைப்பவை சில. குளிர்காலத்தில் விரலைக் குத்தும் முன்னால் வெந்நீரில் கழுவச் சொல்லுங்கள். கழுவினேன் என்று சொன்னாலும் நகத்தைப் பாருங்கள். எண்ணும் உடம்பும் வேறு வேறாகப் பேசினால் உடம்பின் பக்கம் நின்று திரும்பப் பாருங்கள். இவை தொழில் பாடம், பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

பயிற்சியில் சொல்லாதது ஒன்று உண்டு. துக்கத்துக்காகத் தின்கிறவரை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதை யாரிடம், எந்தச் சொல்லில் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டார் பயந்தவர்கள். 'கட்டுப்பாடு' என்ற சொல்லை அவர்கள் கையில் கொடுத்தால் காவல் நிலையம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். திருடி என்று பெயர் வாங்கியவர் அதற்குப் பிறகு சொல்கிற உண்மைக்கு விலை கிடையாது. ஒளிந்து தின்றவர் ஒளிந்து பட்டினி கிடப்பார். முன்னதைவிடப் பின்னது சீக்கிரம் கொல்லும். ஆகவே மகனிடமும் மருமகளிடமும் எதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். யார் கூட உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டு, ஒரு பெயர் கிடைத்த பிறகு எழுந்திருங்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். கலா தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்து தட்டில் வைத்திருந்தாள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கம்மா" என்றார் முருகேசன்.

"ம்."

"டாக்டரே சொல்லிட்டாரு. சாப்பிடுங்க."

"சாப்பிடுறேன்டா." கை நகரவில்லை. அவர் கண் மகனின் முகத்திலும் தட்டிலுமாகப் போய்ப் போய் வந்தது. இத்தனை நாள் ஒவ்வொரு வாயையும் எண்ணிய கண் எதிரே இருக்கும்போது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கலா என்னைப் பார்த்தாள். வெளியே போங்கள் என்று முருகேசனிடம் சொன்னால், அதுவும் ஒரு தண்டனையாகிவிடும்.

முருகேசன் தானே புரிந்துகொண்டார். எழுந்து போகவில்லை. உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, தாய்க்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு தட்டில் விரல் படுகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு வைக்கவா அத்த?" என்றாள் கலா.

"வையி" என்றார் பேச்சியம்மாள்.

முருகேசன் திரும்பிப் பார்க்கவில்லை.